தானாக நின்ற வண்டி

எங்கள் வீடு செம்பாக்கம் ஏரிக்குப் பின்னால் ஒரு குறுக்குத் தெருவில் இருக்கிறது. கட்டிய காலத்தில் வாசல் ரோட்டைவிட உயரம். அதற்கப்புறம் ரோடு போட வந்தவர்கள் ஒவ்வொரு முறையும் பழையதைச் சுரண்டாமல் அதன் தலையிலேயே தாரை ஊற்றிவிட்டுப் போனார்கள். இப்போது ரோடு மேலே, நாங்கள் கீழே. மழைக்காலத்தில் தெருத் தண்ணீர் யாரையும் கேட்காமல் உள்ளே வரும். காரை வெளியே எடுக்க வேண்டுமானால் கேட்டிலிருந்து ரோடு வரை செங்குத்தான ஒரு சிமெண்ட் சரிவில் ரிவர்ஸிலேயே ஏற வேண்டும். இங்கே பாதி வீடுகளுக்கு இதுதான் கதி.

பழைய கார் இருந்தவரை நான்தான் பின்னால் நின்று வழி காட்டுவேன். "வா... வா... வா... கொஞ்சம் லெஃப்ட்ல ஒடி... போதும் போதும்!" என்று கத்தி டிக்கியில் இரண்டு தட்டு தட்டுவேன். கல்யாணமான நாளிலிருந்து என் கணவரை வாங்க, போங்க என்றுதான் பேசிவருகிறேன். மரியாதையைக் கழற்றி வைத்துவிட்டு 'வா' என்று கூப்பிட எனக்குக் கிடைத்த ஒரே இடம் காரின் பின்பக்கம்தான். தெருவே கேட்கும். அவரும் சிரித்துக்கொண்டே வருவார்.

ரிட்டயரான பிறகு அவருக்குக் கழுத்து எலும்பு தேய்ந்துபோனது. திரும்பிப் பார்க்க முடியவில்லை. ஆனால் ஸ்டியரிங்கை விட மனசில்லை. தேடித் தேடிப் புதுக் கார் ஒன்றைப் பிடித்தார். ரிவர்ஸில் போகும்போது பின்னால் ஏதாவது இருந்தால் தானாகவே பிரேக் போட்டுக்கொள்ளுமாம். ஷோரூமில் ஓர் அட்டைப்பெட்டியை வைத்துக் காட்டினார்கள். வண்டி கச்சிதமாக நின்றது. மனுஷன் குழந்தை மாதிரி கை தட்டினார்.

"இனிமே நீ வெயில்ல வந்து நிக்க வேணாம்மா. அதுவே பாத்துக்கும்," என்றார். அன்பாகத்தான் சொன்னார். எனக்கென்னவோ வேலையை விட்டு அனுப்பியது போலத்தான் இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் வண்டியின் குணம் தெரிந்தது. கேட்டருகே வந்தால் அந்தச் சரிவைச் சுவர் என்று நினைத்துக்கொண்டு 'பீப் பீப்' என்று அலறிச் சடாரென்று நிற்கும். பின்னால் ஈ, காக்கை இருக்காது. பக்கத்து வீட்டு நந்தியாவட்டைக் கிளை காற்றில் ஆடினாலும் நிற்கும். ஆனால் எதிரே இருந்த ஒல்லியான கேபிள் கம்பத்தை மட்டும் அது மதிக்கவே இல்லை. பம்பரில் கோடு விழுந்ததுதான் மிச்சம். "இல்லாததெல்லாம் இதுக்குத் தெரியுது, இருக்கிறது தெரியல," என்று திட்டுவார்.

பிறகு அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். நின்ற வண்டியின் ஆக்ஸிலரேட்டரைக் கொஞ்சம் அழுத்தினால் அது முரண்டை விட்டுவிட்டு ஏறிவிடும். அது நிற்கும், இவர் மிதிப்பார், அது போகும். கொஞ்ச நாளில் பல் தேய்ப்பது போல யோசிக்காமல் செய்கிற வேலையாகிவிட்டது. புலி வருது, புலி வருது என்ற கதைதான். அந்தக் கதையில் கடைசியில் புலி வந்தே விடும் என்பதை நாங்கள் இருவருமே மறந்துவிட்டோம்.

அது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. நீலாங்கரைப் பக்கம் மீன் வாங்கப் போவதாக இருந்தோம். நான் கேட்டைத் திறந்தேன். காற்றில் ஒரு கதவு திரும்பி வந்தது. தரையில் இருக்கும் குழியில் தாழ்ப்பாளை இறக்கினால்தான் அது நிற்கும். குழியில் மண் அடைத்திருந்தது. குனிந்து விரலால் தோண்டிக்கொண்டிருந்தபோது வண்டி பின்னால் வருகிற சத்தம் கேட்டது. நிமிர்வதற்குள் பீப் பீப் என்றது. நின்றுவிட்டது. என் முதுகுக்கும் அதற்கும் ஒரு சாண்தான் இடைவெளி. 'பரவாயில்லையே, சொன்னபடி நிக்குதே' என்று மனசுக்குள் பாராட்டியது இன்றும் நினைவிருக்கிறது. நின்றுவிட்டதே என்ற தைரியத்தில் மறுபடி மண்ணைத் தோண்டினேன். அப்போதுதான் இன்ஜின் உறுமியது.

தொடை எலும்பு இடுப்போரத்தில் முறிந்தது. கம்பி வைத்துத் தைத்தார்கள். இப்போது வாக்கர் பிடித்து நடக்கிறேன். நாற்காலியிலிருந்து எழ வேண்டுமென்றால் அவர்தான் வந்து இரண்டு கைகளையும் கொடுத்துத் தூக்க வேண்டும்.

பார்க்க வந்தவர்களிடமெல்லாம் அவர் ஒரே கதையைத்தான் சொன்னார். "பிரேக் பிடிக்கல சார். ஆட்டோமேட்டிக்னு சொல்லி ஏமாத்திட்டாங்க." டாக்டரிடம் சொன்னார், சொந்தக்காரர்களிடம் சொன்னார், எதிர் வீட்டாரிடம் சொன்னார். சர்வீஸ் சென்டரில் சோதித்துப் பார்த்து எல்லாம் சரியாக இருக்கிறது என்றபோது அவர்களோடு மல்லுக்கு நின்றார். ஒவ்வொரு முறை சொல்லும்போதும் என்னை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வார். நான் வாயே திறக்கவில்லை. வாயாடி என்று பெயரெடுத்தவள் நான்.

சமைக்கிறார், என் காலைக் கழுவிவிடுகிறார், நான் புரண்டு படுத்தால் எழுந்து உட்கார்ந்துகொள்கிறார். பேச்சுதான் நின்றுபோனது. ரசத்தில் உப்பு இல்லை என்றால் முன்பெல்லாம் எங்கள் வீட்டில் ஒரு யுத்தம் நடக்கும். இப்போது "சரிம்மா" என்று தலையைக் குனிந்துகொள்கிறார். சண்டை போட்டே வாழ்ந்த வீட்டில் சண்டை இல்லாமல் போனால் என்ன மிச்சம் இருக்கிறது? எலும்பு முறிந்ததைவிட எனக்கு அதுதான் வலித்தது. அவர் மேல் எனக்குத் துளியும் கோபமில்லை. அதைச் சொல்லித் தேற்றலாம் என்றால், வண்டி நின்றது எனக்குத் தெரியும் என்று முதலில் சொல்ல வேண்டும். அந்தப் பொய்யைப் பிடித்துக்கொண்டுதான் அவர் நடமாடிக்கொண்டிருந்தார். அதைப் பிடுங்க எனக்கு மனம் வரவில்லை.

வண்டியை விற்றுவிடுவது என்று அவரே முடிவு செய்தார். மேடவாக்கத்திலிருந்து ஓர் இளைஞர் மனைவியோடும், அப்போதுதான் நடை பழகிய குழந்தையோடும் பார்க்க வந்தார். நான் வாசலில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். மைலேஜ், டயர் எல்லாம் விசாரித்த பிறகு அந்த இளைஞர் கேட்டார்.

"அங்கிள், இந்த ரிவர்ஸ் பிரேக்கை நம்பலாமா? இவன் எப்பவும் வண்டி பின்னாடிதான் ஓடுவான்."

குழந்தை பம்பரில் உள்ளங்கையை வைத்துத் தட்டிக்கொண்டிருந்தது. ஏமாற்று வேலை என்ற பாட்டு இப்போது வரும் என்று நான் காத்திருந்தேன். வரவில்லை. அவர் குழந்தையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நிக்கும் தம்பி," என்றார். "ஆனா செடியப் பாத்தும் நிக்கும், சரிவப் பாத்தும் நிக்கும். சும்மாதான் நிக்குதுன்னு நெனச்சு மிதிச்சிடாதீங்க. இறங்கிப் போய்ப் பாருங்க. ஒவ்வொரு தடவையும் இறங்கிப் பாருங்க."

"உங்களுக்கு எப்பவாவது நிக்காம போயிருக்கா?"

அவர் என் பக்கம் திரும்பினார். அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு என் முகத்தை நேராகப் பார்த்தது அப்போதுதான்.

"அன்னைக்கும் நின்னுச்சு. இவ பின்னாடி குனிஞ்சிருந்தா. வண்டி சரியாதான் நின்னுச்சு. நான்தான் மிதிச்சேன்."

இளைஞர் என் வாக்கரைப் பார்த்தார். குழந்தையைத் தூக்கிக்கொண்டார்.

"தெரியுங்க," என்றேன். "நின்னத நான் பாத்தேன்."

"முதல்லேர்ந்தே தெரியுமா?"

தலையசைத்தேன். அவர் அப்படியே வாசல் படியில் உட்கார்ந்து, வந்தவர்கள் நிற்பதையும் மறந்து, வாய்விட்டு அழுதார். எழுந்து போய் அவர் தோளைத் தொட வேண்டும் போலிருந்தது. ஆனால் என்னை எழுப்பிவிட அவர்தான் வர வேண்டும்.