புள்ளி வைக்கும் அக்கா

“வண்டி வெச்சிருக்கிறவங்கள்ல பொய் சொல்லாத ஆளு இந்த ஊர்லயே ஒண்ணுதான். அது யாருன்னு சொல்ல தன்னடக்கம் தடுக்குது,” என்றார் அக்கா. தன்னடக்கம் அரை நொடி தடுத்துப் பார்த்துவிட்டு விலகிக்கொண்டது. “நான்தான்,” என்று முடித்து, பேனா மூடியைப் பல்லால் கழற்றி, அடுத்த அட்டையை எடுத்தார்.

இந்தப் பிரகடனத்தைக் கேட்டவர்கள் மூவர்: ஃபோர்மேன், வண்டியைப் பழுதுபார்க்க விட்டிருந்த நான், பெஞ்சில் எனக்குப் பக்கத்தில் சாய்த்து வைக்கப்பட்டிருந்த ஒரு பழைய ரேடியேட்டர். எங்களில் ரேடியேட்டர் மட்டுமே சிரிப்பை அடக்கிக்கொண்டது.

பிக்கப் வண்டிகளை மட்டும் பார்க்கும் பட்டறை அது. வாசலை ஒட்டி ஒரு மேசை. வண்டிக்கு என்ன குறை என்று சொந்தக்காரர் அங்கே நின்று சொல்ல வேண்டும். அக்கா அதை அவர் சொன்ன வார்த்தையிலேயே அட்டையில் எழுதி, படித்துக் காட்டி, கையெழுத்து வாங்கி உள்ளே அனுப்புவார். பத்தொன்பது வருடங்களாக இதுதான் வேலை. ஃபோர்மேன் அவரைவிட நாலு வயது மூத்தவர், ஆனாலும் ‘அக்கா’தான். பட்டறை முதலாளிக்கு எழுபது ஆகிறது; அவருக்கும் அக்காதான். அக்காவின் காதுக்கு எட்டாத தூரத்தில் மட்டும் ‘வாக்குமூலம்’ என்று ஒரு பெயர் உண்டு. அந்தத் தூரம் எவ்வளவு என்று யாருக்கும் சரியாகத் தெரியாததால் அந்தப் பெயர் அதிகம் புழங்குவதில்லை.

அக்கா எதிரில் நிற்பவரின் முகத்தைப் பார்ப்பதில்லை. கையைத்தான் பார்ப்பார். “மூஞ்சி பழகின மூஞ்சி, அது சமாளிச்சுக்கும். கைக்கு அந்தச் சாமர்த்தியம் பத்தாது,” என்பது அவருடைய ஆராய்ச்சி முடிவு. அந்த முடிவுக்கு ஆதாரமும் மேசையிலேயே இருக்கிறது. சொந்தக்காரர்கள் நிற்கும் பக்கத்து விளிம்பில் ஒரு சாண் அளவுக்கு மைக்கா தேய்ந்து வெளுத்துப் போயிருக்கும். பேசிக்கொண்டே கட்டை விரலால் தேய்த்துத் தேய்த்து ஆன வெளுப்பு. மேசையின் மற்ற இடமெல்லாம் புதிதுபோல் பளபளக்கிறது, அங்கே யாரும் நின்று ‘ஆயில் மாத்தியாச்சு’ என்று சொல்லாததால்.

“போன மாசம்தான் ஆயில் மாத்தினேன்,” என்கிறார் கோழி ஏற்றுபவர். அக்கா எழுந்து போய் ஆயில் குச்சியை உருவிப் பார்க்கிறார். தார் ரோடு போடலாம்போல் இருக்கிறது. “போன மாசம்னா, எந்த வருஷத்துப் போன மாசம்?”

“மேட்டுல இழுக்க மாட்டேங்குது. வண்டி காலியாத்தான் போச்சு,” என்கிறார் செங்கல் சூளைக்காரர். “காலி வண்டிக்கு எதுக்குங்க பின்னாடி ரெண்டு ஸ்பிரிங் பட்டை எக்ஸ்ட்ரா? காத்து கனமா இருக்குமோ?”

பூச்செடி விற்பவர் ஒருவர், என்ஜின் விளக்கு எரிகிற இடத்தில் கறுப்பு டேப் ஒட்டியிருந்தார். ராத்திரியில் கண் கூசுகிறது என்று காரணம் சொன்னார். “கண் கூசுச்சுன்னா கண்ணு டாக்டர்கிட்டதானே போகணும்? இங்க வந்துட்டீங்களே,” என்று அக்கா உண்மையான அக்கறையுடன் விசாரித்தார்.

ஆனால் இதில் எதையும் அவர் அட்டையில் எழுதுவதில்லை. ‘ஆயில் போன மாசம் மாத்தினேன்’ என்றால் அதையேதான் எழுதுவார். கேலி வாயோடு சரி. காகிதத்தில் சொந்தக்காரரின் வார்த்தை ஒன்றுகூடப் பிசகாது. அப்படியானால் உள்ளே வேலை செய்கிறவர்களுக்கு உண்மை எப்படித் தெரியும்? அட்டையின் வலது மேல் மூலையில், அழுக்கோ என்று நினைக்கும் அளவுக்குச் சின்னதாக, அக்கா புள்ளி வைப்பார்.

ஒரு புள்ளி என்றால், சொன்னதில் பாதியை எடுத்துக்கொள்ளலாம். இரண்டு என்றால் சொன்னதைத் தலைகீழாகப் படிக்க வேண்டும். மூன்று புள்ளி இருந்தால் மெக்கானிக்குகள் அட்டையைப் படிப்பதே இல்லை. நேராக என்ஜின் ஹெட்டைக் கழற்ற ஆரம்பித்துவிடுவார்கள். மூன்று புள்ளியை நம்பிக் கழற்றி, உள்ளே ஒன்றுமில்லை என்று மூடிய சரித்திரம் அந்தப் பட்டறையில் கிடையாது. “எழுத்து அவங்க சொன்னது. புள்ளி நான் சொல்றது,” என்பார் அக்கா. இந்த ரகசியம் எனக்குத் தெரிந்தது தற்செயலாக. என் அட்டையில் இரண்டு இருந்தன. அதற்குமேல் அந்த விஷயத்தை விவரிக்க அவசியமில்லை.

புகையை வைத்து ஆளைச் சொல்வதிலும் அவர் கெட்டிக்காரர். “கறுப்புப் புகைக்காரங்க கோபக்காரங்க, கத்திட்டு அடங்கிடுவாங்க. வெள்ளைப் புகைக்காரங்க பயந்தவங்க, பாதியிலேயே உண்மையைச் சொல்லிடுவாங்க. நீலப் புகைதான் ஜாக்கிரதை. ஆயிலைக் குடிச்சுக்கிட்டே இருக்கும், ஓனர் சிரிச்சுக்கிட்டே இருப்பாரு.” மனைவியோடு வருகிறவர்களின் அட்டை மட்டும் இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும். ‘வழியில மூணு வாட்டி தண்ணி ஊத்தினீங்களே, அதைச் சொல்லுங்க’ என்று பக்கத்திலிருந்தே குரல் வரும். அப்படிப்பட்ட மனைவிமார்களுக்கு அக்கா தன் நாற்காலியைப் போட்டு உட்காரவைப்பார்.

எல்லா என்ஜினையும் கெடுப்பது ஒரே ஆள்தான் என்பதும் அவருடைய கண்டுபிடிப்பு. பெயர் மச்சான். ‘நான் ஓட்டலைங்க, மச்சான் எடுத்துட்டுப் போனான்.’ ஒருமுறை அந்த மச்சானே நேரில் வந்துவிட்டார். பட்டறையே வேலையை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தது. அவர் மேசை விளிம்பைத் தேய்த்தபடி, “மாமாதான் ஓட்டினாரு,” என்றார்.

அக்காவுக்குச் சொந்தமாக ஒரு பிக்கப் உண்டு. சாம்பல் நிறம், பன்னிரண்டு வயது. அவர் கணவர் நாற்காலி, மேசை வாடகைக்கு விடுகிறார். அவற்றை ஏற்றி இறக்குவது அந்த வண்டிதான். ஆயில், ஃபில்டர், பெல்ட் எல்லாம் மாற்றிய தேதிகள் வீட்டுச் சமையலறைக் கதவின் உள்பக்கம் எழுதப்பட்டிருக்கும். சர்வீசுக்கு வருமே தவிர, குறை என்று ஒருநாளும் அது அந்த மேசைக்கு வந்ததில்லை. இதுதான் ஃபோர்மேனுக்கு உறுத்தல்.

“என்னிக்காவது உங்க வண்டியும் வரும்க்கா.”

“வரட்டுமே. புள்ளியில்லாத அட்டை எப்படி இருக்கும்னு அன்னிக்குப் பார்த்துக்குங்க.”

வந்தது. போன மாதம், ஒரு வியாழக்கிழமை காலை. பக்கத்து வீட்டுக்காரரின் வண்டி முன்னால் இழுக்க, கயிற்றின் மறுமுனையில் சாம்பல் நிற பிக்கப் சத்தமில்லாமல் உள்ளே வந்தது. ஸ்டியரிங்கில் அக்கா. பக்கத்தில் கணவர், வலது கையில் விரல் நுனியிலிருந்து முழங்கை வரைக்கும் மாவுக்கட்டு.

அக்கா இறங்கி, யாரையும் பார்க்காமல் உள்ளே போய் முகம் கழுவினார். கணவர் வந்து, அன்றைக்கும் சர்வீசுக்கு வந்து பெஞ்சில் காத்திருந்த என் பக்கத்தில் உட்கார்ந்தார். மனைவி முதுகைக் காட்டியிருக்கும்போது மட்டும் பேசிப் பழகிய குரலில் விஷயத்தைச் சொன்னார்.

மேசை இறக்கும்போது வழுக்கி விழுந்து, திங்கட்கிழமை கை முறிந்திருக்கிறது. புதன்கிழமை ஒரு பள்ளிக்கூடத்தில் பரிசளிப்பு விழா; இருநூற்று இருபது நாற்காலி பத்து மணிக்குள் போய்ச் சேர வேண்டும். அக்கா லீவு போட்டுவிட்டுத் தானே ஓட்டினார். பாதி வழியில் சூடு காட்டும் முள் மேலே ஏறியது. அப்புறம் சிவப்பு விளக்கு.

“நிறுத்துன்னேன் சார். ‘பசங்க வெயில்ல நிப்பாங்க, நிறுத்தினா யார் கொண்டு போறது’ன்னா. மறுபடி சொன்னேன். ‘எனக்குத் தெரியாதா’ன்னா. தெரியும்தானே சார், அவளுக்குத் தெரியாதா?”

“எவ்வளவு தூரம்?”

“பதினோரு கிலோமீட்டர். பத்துக்கு அஞ்சு நிமிஷம் முன்னாடியே போயிட்டோம்.” அதில் அவருக்கு ஒரு பெருமை இருந்தது. “கேட்டுக்குள்ள நுழைஞ்சதும் பானட்லேர்ந்து வெள்ளையா கிளம்பிச்சு பாருங்க, விழாவுக்கு ஏற்பாடு பண்ணினதுன்னு பசங்க கை தட்டினாங்க.”

பிறகு குரலை இன்னும் இறக்கினார். “வீட்டுலயும் புள்ளி உண்டு சார். வாக்கிங் போயிட்டு வந்தேன்னு ஒருநாள் சொன்னேன். சாயங்காலம் காலண்டரைப் பார்க்கிறேன், தேதிக்குப் பக்கத்துல ரெண்டு.”

அக்கா முகம் துடைத்துக்கொண்டு வெளியே வந்தபோது அவர் நாற்காலியில் ஃபோர்மேன் உட்கார்ந்திருந்தார். முன்னால் புது அட்டை. கையில் பேனா. உள்ளே சுத்தியல் சத்தம் ஒவ்வொன்றாக நின்றது. அந்த நேரம் பார்த்து எல்லா மெக்கானிக்குகளுக்கும் வாசல் பக்கம் ஏதோ ஒரு ஸ்பானர் தேவைப்பட்டது.

“இந்தப் பக்கம் நில்லுங்கக்கா. ஓனர் நிக்கிற இடம் அதுதான்.”

அக்கா நின்றார். பத்தொன்பது வருடத்தில் அந்த மேசையை அவர் அந்தப் பக்கத்திலிருந்து பார்த்ததே இல்லை.

“என்ன குறை?”

“ஸ்டார்ட் ஆகல. சூடாச்சு.”

“முள்ளு ஏறுச்சா?”

“நடுவுலதான் இருந்துச்சு.”

“சிவப்பு லைட்டு?”

“எரியல.”

“எரிஞ்சப்புறம் எவ்வளவு தூரம் ஓட்டினீங்க?”

“அதான் எரியலைன்னு சொன்னேனே!” இந்தப் பதிலை அந்த மேசையில் எத்தனையோ பேர் இதே எரிச்சலோடு சொல்லியிருக்கிறார்கள்.

ஃபோர்மேன் ஒவ்வொரு வார்த்தையையும் எழுதினார். முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை. அக்காவிடம் கற்ற பாடம் வீண் போகவில்லை. கடைசிக் கேள்வியைக் கேட்டார்.

“யார் ஓட்டினது?”

அக்கா பெஞ்சுப் பக்கம் கையைக் காட்டினார். “அவர்தான்.”

பட்டறை முழுவதும் திரும்பி மாவுக்கட்டைப் பார்த்தது. மாவுக்கட்டுக்கே ஒரு நிமிடம் சந்தேகம் வந்திருக்கும். ஆனால் அதன் சொந்தக்காரர் விசுவாசமானவர். அந்தக் கையையே சிரமப்பட்டு மேலே உயர்த்தி, “ஆமா, நான்தான்,” என்றார்.

யாரும் சிரிக்கவில்லை. அதுதான் கொடுமை. செங்கல் சூளைக்காரரோ கோழிக்காரரோ இதைச் சொல்லியிருந்தால் பட்டறைக் கூரை பிய்ந்திருக்கும். எழுதி முடித்த ஃபோர்மேன் பேனாவை அட்டையின் வலது மேல் மூலைக்குக் கொண்டுபோனார். பேனா அங்கேயே நின்றது. அப்புறம் இறங்காமலே திரும்பி வந்துவிட்டது.

புள்ளியில்லாத அட்டைக்கு அங்கே நடக்கும் வைத்தியம் எல்லோருக்கும் தெரியும். தண்ணீர் ஊற்றுவார்கள், ஒரு தெர்மோஸ்டாட் மாற்றுவார்கள், மத்தியானமே வண்டி வெளியே போய்விடும். மறுநாள் ஒரு கல்யாண மண்டபத்துக்கு முன்னூறு நாற்காலி போக வேண்டும் என்று கணவர் சொல்லியிருந்தார். வழியில் ஒரு மேட்டில் என்ஜின் அப்படியே இறுகிப் போகும். அதற்கப்புறம் அதைத் தூக்கிப் போட வேண்டியதுதான். மூன்று புள்ளி விழுந்தால் ஹெட் கழன்று என்ஜின் பிழைக்கும். முன்னூறு நாற்காலிக்கு வேறு வண்டி பிடித்துக்கொள்ளலாம். பத்தொன்பது வருடப் பெயருக்கு மாற்று வண்டி கிடையாது.

“படிச்சுப் பார்த்துக் கையெழுத்துப் போடுங்கக்கா,” என்று ஃபோர்மேன் அட்டையைத் திருப்பி வைத்தார். குரலில் கேலி இல்லை. “வேணும்னா தண்ணி ஊத்தி ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்க்கச் சொல்றேன். எல்லாரும் வேலையைப் பாருங்கப்பா!”

ஒருவரும் நகரவில்லை. ஸ்பானர்கள் இன்னும் அகப்படவில்லை போலிருக்கிறது.

அக்கா கழுத்துக் கயிற்றில் தொங்கிய கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு அட்டையைப் படித்தார். முள் நடுவில்தான் இருந்தது. சிவப்பு விளக்கு எரியவில்லை. கணவர் ஓட்டினார். ஒரு எழுத்துப் பிழை இல்லை. கீழே கையெழுத்துப் போட்டார். அப்போதுதான் தன் இடது கை எங்கே இருக்கிறது என்று கவனித்தார். மைக்கா வெளுத்துப் போன அந்த ஒரு சாண் இடத்தில், கட்டை விரல் தேய்த்துக்கொண்டிருந்தது.

கையை எடுத்துக்கொண்டார். மேசையைச் சுற்றி மறுபக்கம் வந்தார். ஃபோர்மேன் சட்டென்று எழுந்து நாற்காலியை விட்டார். அக்கா உட்கார்ந்து, அட்டையைத் தன் பக்கம் திருப்பி, கொண்டையில் செருகியிருந்த பேனாவை உருவி, மூடியைப் பல்லால் கழற்றினார். வலது மேல் மூலையில் ஒரு புள்ளி வைத்தார். கணவரைப் பார்த்தார், அவர் இன்னும் அந்தக் கையை இறக்கவில்லை. பக்கத்தில் இன்னொன்று வைத்தார். பிறகு, கடைசியில் நிற்கும் மெக்கானிக்குக்கும் தெரியும் அளவுக்குப் பெரிதாக, மூன்றாவதையும் வைத்தார்.