பீர் மைதீனின் நான்கு கல்லூரிகள்

பீர் மைதீன் ஏன் சைகோனுக்குப் போனான் என்று காரைக்காலில் யாரைக் கேட்டாலும், மார்க் பற்றவில்லை, காலேஜில் இடம் கிடைக்கவில்லை, போய்விட்டான் என்பார்கள். வாய் கூசாமல் சொல்வார்கள். எங்கள் பள்ளிக்கூடத்தில் அவனுக்கு மேல் மார்க் வாங்கினவன் ஒருத்தனும் கிடையாது. இருந்தாலும் சொல்கிறவர்களை நான் திருத்துவதில்லை. திருத்தினால் மேற்கொண்டு கேட்பார்கள்.

இது 1959. அவனுக்கு இருபத்தொரு வயது. சைகோனில் தாய்மாமன் துணிக்கடையில் காலையில் கதவைத் திறந்து, வருகிறவர்களுக்குத் துணி விரித்துக் காட்டி, விரித்ததையெல்லாம் மறுபடி மடித்து வைக்கிறான். நான் குஞ்சிதபாதம், நெரவிக்காரன். அவனோடு ஒரே பெஞ்சில் ஆறு வருஷம் உட்கார்ந்தவன். கும்பகோணத்தில் இன்டர்மீடியட் முடித்தேன், அதற்கு மேல் மண்டையில் ஏறவில்லை, இங்கே சர்க்கார் ஆபீசில் குமாஸ்தாவாக இருக்கிறேன். ஃபைல் வருகிறது, ஃபைல் போகிறது. சந்தோஷமா என்றால் இல்லை, துக்கமா என்றால் அதுவும் இல்லை. உட்கார்ந்தே கிடந்த கால் மரத்துப்போகுமே, அப்படித்தான் இருக்கிறது.

பீர் மைதீனைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்றால் கணக்கைத்தான் சொல்ல வேண்டும். எங்கள் கணக்கு வாத்தியார், மசியே என்றுதான் கூப்பிடுவோம், கரும்பலகையில் தப்பாக எழுதிவிட்டால் இவன் கையைத் தூக்க மாட்டான். பேசாமல் எழுந்து நிற்பான், அவ்வளவுதான். மசியே திரும்பிப் பார்ப்பார், பலகையைப் பார்ப்பார், மறுபடி இவனைப் பார்ப்பார். பிறகு துடைப்பார். துடைத்த பிறகு இவன் உட்காருவான். ஆறு வருஷத்தில் இவன் நின்று அவர் துடைக்காத நாள் எனக்கு நினைவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற எனக்கு எரிச்சலாக வரும். "ஏன்டா, அவரு தப்பா போட்டா உனக்கென்னடா குடி முழுவிப் போச்சு?" என்பேன். "தப்பா இருக்குல்ல" என்பான்.

பிரெஞ்சுக்காரன் கொடியை இறக்கிக்கொண்டு போனதற்கு அடுத்த வருஷம், 1955-இல், நாங்கள் பள்ளிக்கூடம் முடிக்கிற பிரெவே பரீட்சை எழுதினோம். கொடி மாறினாலும் பரீட்சை மாறவில்லை. பாடமும் பிரெஞ்சு, கேள்வித்தாளும் பிரெஞ்சு, மார்க்கும் பழைய மார்க்குதான். எங்களுக்கு உச்சமே இருபது. மசியே பதினாறைத் தாண்டி யாருக்கும் போட்டது கிடையாது. பீர் மைதீனுக்குச் சராசரி பதினைந்து வந்தது. அன்றைக்குத் தெருவில் போகிற வருகிறவர்களெல்லாம் அவனை நிறுத்திக் கையைப் பிடித்துக்கொண்டார்கள். எனக்குப் பதினொன்று. என் கையை யாரும் பிடிக்கவில்லை, பிடிக்க வேண்டிய அவசியமும் இல்லை.

அவன் வாப்பா சைகோனுக்குப் போய் அங்கேயே மௌத்தாகிவிட்டவர். அடக்கம் செய்த இடத்தைக்கூட இவர்கள் பார்த்ததில்லை. அவன் உம்மா சுல்தான் பீவிக்குக் கப்பல் என்ற சொல்லே ஆகாது. ஆனால் வீட்டில் அடுப்பு எரிவது அவள் தம்பி அப்துல் லத்தீப் சைகோனிலிருந்து அனுப்புகிற பணத்தால். அந்த மாமா ஒரு கடுதாசி போட்டிருந்தார். காலேஜில் இடம் கிடைத்தால் படிப்பு முடியும் வரை நான் பார்த்துக்கொள்கிறேன், கிடைக்காவிட்டால் ஜூலை மாதக் கப்பலில் பையனை அனுப்பிவிடு, கடைக்கு ஆள் வேண்டும். இவ்வளவுதான் கடுதாசி. மனிதர் மோசமானவர் இல்லை. கடைக்கு உண்மையாகவே ஆள் வேண்டியிருந்தது.

சுல்தான் பீவி என்னைப் பார்த்தபோதெல்லாம் அதே பேச்சுதான். "தம்பி, நீ இங்கிலீஷெல்லாம் அழகா எழுதுவியாமே. நீயே ஒக்காந்து எழுதிக் குடு. எம்புள்ளெ கப்பலேறாம இருந்தா போதும்பா. நான் வேற எதுவும் கேக்கலெ."

எங்கே எங்கே விண்ணப்பம் போடுவது என்று நானும் அவனும் ரயிலடி பெஞ்சில் உட்கார்ந்து பேசினோம். எத்தனை இடத்துக்கு வேண்டுமானாலும் போடலாம் என்று இருந்திருந்தால் இந்தக் கதையே இல்லை. சான்றிதழின் நகலுக்கு மெரி ஆபீசில், நகராட்சியை அப்படித்தான் சொல்வோம், முத்திரை வைத்துத் தர வேண்டும். பழைய ஆள் போய்ப் புது ஆள் வந்திருந்தார். ஆளுக்கு நாலு நகல்தான், மேலே ஒன்று கேட்டால்கூட நடையைக் கட்டு என்றுவிட்டார். ஆகவே நாலு நகல், நாலு கல்லூரி.

பீர் மைதீன் அதையும் கணக்காகத்தான் போட்டான். நோட்டில் ஒரு தாளைக் கிழித்துக் கோடு போட்டான். "ஒண்ணு ஆசைக்கு. ரெண்டு நம்ம அளவுக்கு. ஒண்ணு கண்டிப்பா கெடக்கிறதா இருக்கணும். கண்டிப்பானது இல்லாம நாலெயும் ஆசைக்கே போட்டா அது லிஸ்டு இல்லடா, சூதாட்டம்." ஆசைக்குச் சென்னை என்று எழுதினான். அளவுக்குத் திருச்சி, சிதம்பரம். கண்டிப்பானது என்ற இடத்தில் புதுச்சேரி என்று எழுதினான்.

நான் சிரித்தேன். சிரித்தது நன்றாக நினைவிருக்கிறது. "போடா மடையா. வெள்ளைக்காரன் மூட்டை கட்டிட்டுப் போயிட்டான், இன்னும் அவன் படிப்பா? அந்தக் காலேஜு அடுத்த வருசம் இருக்குமோ இருக்காதோ. நகல் இருக்கிறதே நாலு, அதுல ஒண்ணெ ஆத்துல விடப் போறியா?"

"நம்மளெத் தெரிஞ்ச எடம்டா அது" என்றான்.

"தெரிஞ்சு என்ன புண்ணியம்? கும்பகோணம் போடு. கிட்டக்க இருக்கு, பெரிய கூட்டம் வராது. உன் மார்க்குக்குத் தாம்பாளத்துல வெச்சுக் கூப்புடுவான்."

எனக்கு அப்போது கும்பகோணத்தைப் பற்றியும் தெரியாது, புதுச்சேரியைப் பற்றியும் தெரியாது. தினம் பேப்பர் படிக்கிறவன் என்ற மிதப்பு, அவ்வளவுதான். உலக விஷயம் எனக்குத்தான் தெரியும் என்று அவனுக்கு ஒரு எண்ணம். புதுச்சேரியை அடித்துவிட்டுக் கும்பகோணம் என்று எழுதினான். புதுச்சேரிக் கல்லூரி இன்றைக்கும் இருக்கிறது. பிள்ளைகள் போகிறார்கள், வருகிறார்கள்.

நாலு விண்ணப்பத்தையும் என் கையால்தான் எழுதினேன். சராசரி மார்க் என்ன என்று ஒரு கட்டம் இருந்தது. அவன் பதினைந்து என்றான், நான் பதினைந்து என்று எழுதினேன். இருபதுக்குப் பதினைந்து என்று எங்கள் பள்ளிக்கூடத்தில் யாரும் வாயால் சொன்னதே கிடையாது. பதினைந்து என்றால் பதினைந்துதான், ஊருக்கே தெரியும். நூற்றுக்கு மார்க் போடுகிற ஊர்கள் பத்து மைலில் ஆரம்பிக்கின்றன என்பது இரண்டு பேருக்கும் தோன்றவில்லை. எழுந்து நின்று தப்பைக் காட்டுகிறவனும் அன்றைக்கு உட்கார்ந்தேதான் இருந்தான்.

ஜூன் மாதம் பதில் வந்தது. முதலில் திருச்சி. அச்சடித்த கார்டு, இடம் இல்லை என்று. கூடவே முத்திரை வைத்த நகலையும் திருப்பி அனுப்பியிருந்தார்கள். அடுத்து சென்னை. "ஆசைக்குப் போட்டதுதானே" என்றான். பிறகு சிதம்பரம். கடைசியாகக் கும்பகோணமும் வந்தது. அந்தக் கார்டை அவன் இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தான், பின்னால் வேறு ஏதாவது எழுதியிருக்குமோ என்பதுபோல. புதுச்சேரிக்கு ஆள்விட்டுக் கேட்டதில் அங்கேயும் சேர்த்து முடித்துவிட்டார்களாம். சுல்தான் பீவி ஒரு பகல் முழுக்க அழுதாள். மறுநாள் டிரங்குப் பெட்டியை வெயிலில் வைத்துத் துடைத்தாள். கப்பலுக்குச் சீட்டு வந்தாயிற்று.

எனக்கு லிஸ்டும் இல்லை, விண்ணப்பமும் இல்லை. பதினொன்று மார்க்கை வைத்துக்கொண்டு எங்கே போடுவது? என் அப்பா சுப்பையன் நெல் சாகுபடி செய்கிறவர், காகிதத்தில் நம்பிக்கை கிடையாது. "தபால்ல போட்டா அவன் எங்கெ பாக்கப் போறான்? நேர்ல போயி நிப்போம் வாடா" என்று ஜூன் கடைசியில் என்னைக் கும்பகோணத்துக்கு இழுத்துக்கொண்டு போனார். பேரளத்தில் வண்டி மாறினோம். கல்லூரி ஆபீஸ் வாசலில் காலையிலிருந்து நின்றோம். மத்தியானத்துக்கு மேல் தலைமைக் குமாஸ்தா உள்ளே கூப்பிட்டார்.

என் சான்றிதழைப் பார்த்தார். "பதினொண்ணா? பதினொரு மார்க் வாங்கிட்டா காலேஜுக்கு வந்தே?"

"இருபதுக்குங்க" என்றேன். வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"இருபதுக்கா?" மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு மேஜைமேல் விரலால் போட்டுப் பார்த்தார். "அப்ப நூத்துக்கு அம்பத்தஞ்சு. அட, தேவலாமே." நோட்டைப் பிரித்தார். ஒரு வரி காலியாக இருந்தது. யாரோ ஒரு பையனுக்கு டைபாய்டு, சேரவில்லையாம். "ஒங்க அதிர்ஷ்டம் பெரியவரே, ஒரே ஒரு எடந்தான் மிச்சம்" என்று அப்பாவிடம் சொல்லிவிட்டுப் பேனாவை எடுத்தார். எடுத்தவர் நிறுத்தினார்.

"ஆமா தம்பி, போன மாசம் ஒங்க ஊர்லேருந்து பீர் மைதீன்னு ஒரு பையன் போட்டிருந்தான். பதினஞ்சுன்னு இருந்துச்சு. என்னடா இது பதினஞ்சு மார்க்குக்கு விண்ணப்பம்னு நாந்தான் ஒதுக்கி வெச்சேன். அதுவும் இருபதுக்குத்தானா?"

அந்த நிமிஷத்தில்தான் எனக்கு எல்லாம் விளங்கியது. நாலு கார்டும் ஏன் வந்தன என்று விளங்கியது. என் கையெழுத்து விளங்கியது. எழுபத்தைந்து என்று கணக்குக்கூடப் போட்டுவிட்டேன். அந்த மனிதர் பேனாவை நோட்டின்மேல் வைத்துக்கொண்டு காத்திருந்தார். நல்ல மனிதர். ஆமாங்க என்று நான் சொல்லியிருந்தால் இரண்டு நாள் அந்த வரியைக் காலியாக விட்டிருப்பார்.

"தெரியாதுங்க" என்றேன்.

"ஒங்க பள்ளிக்கூடம் இல்லியா?"

"வேறெ பள்ளிக்கூடங்க."

அவர் என் பெயரை எழுதினார். குஞ்சிதபாதம் நீளமான பெயர், எழுதி முடிக்கக் கொஞ்சம் நேரமாயிற்று. அப்பா பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார். பீர் மைதீன் எங்கள் வீட்டில் எத்தனையோ தடவை சாப்பிட்டவன். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. ரயிலில் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். பேரளத்தில் இறங்கியபோது மட்டும் "பசிக்குதா?" என்றார். இல்லை என்றேன். எனக்கு வெட்கமாகத்தான் இருந்திருக்க வேண்டும். ஆனால் ஒன்றுமே தெரியவில்லை. பல் பிடுங்கின பிறகு வாயைத் தொட்டுப் பார்க்கிற மாதிரி மனசைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன்.

கப்பலுக்கு ஐந்து நாள் இருந்தபோது பீர் மைதீன் சைக்கிள் மிதித்துக்கொண்டு நெரவிக்கு வந்தான். செய்தி அதற்குள் போய்விட்டிருந்தது. இறங்குவதற்கு முன்னாலேயே சிரித்தான். "டேய் குஞ்சிதம், உனக்குக் கெடச்சுடுச்சாமேடா! உம்மா கேட்டதும் உனக்காக துஆ செஞ்சாங்கடா."

வாய்க்கால் மதகின்மேல் உட்கார்ந்தோம். அப்புறம் கேட்டான். "பதினொண்ணுன்னு சொன்னதுக்கா குடுத்தாங்க?"

"ஆமா."

"பதினொண்ணுக்குக் கெடச்சு பதினஞ்சுக்குக் கெடக்கலேன்னா கணக்கு ஒதைக்குதே." அவனுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. மெதுவாக எழுந்து நின்றான். "நாம இருபதுக்குன்னு எழுதலெடா" என்றான். நாம என்றுதான் சொன்னான். "அவங்க நூத்துக்குன்னு படிச்சிருக்காங்க. நாலு பேரும்."

"ஆமா."

"நாளைக்கே கும்பகோணம் போவமா? நீ வா, எடுத்துச் சொல்லலாம். எடம் இருக்குமா?"

"இல்லெ. ஒண்ணுதான் இருந்துச்சு."

"ஓ" என்றான். மறுபடி உட்கார்ந்தான். காலை ஆட்டிக்கொண்டிருந்தான், பிறகு ஆட்டுவதை நிறுத்தினான். "அங்கெ என் பேரு யாருக்காச்சும் ஞாபகம் இருந்துச்சா? யாராச்சும் கேட்டாங்களா?" என்றான்.

"கேக்கலெ" என்றேன்.

அவன் என் தோளில் கையைப் போட்டான். "நல்லவேளைடா. கேட்டிருந்தா நீ என்னெப் பத்திச் சொல்லியிருப்பே, உனக்குல்ல இல்லாமப் போயிருக்கும்" என்றான்.