தகரத்தில் விழுந்த கோலி

வடக்குத்து கிராமத்தில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு ஓட்டுக் கொட்டகையில் கோலிக்குண்டு செய்தோம். ஃபேக்டரி என்றுதான் அப்பா சொல்வார். அப்பா, அம்மா, அத்தை, பள்ளிக்கூடம் விட்டு வந்த பிறகு நான், அவ்வளவுதான் ஃபேக்டரி. நிலக்கரி மைன்ஸில் காண்ட்ராக்ட் வேலை பார்த்துவிட்டு வந்த மனிதர் என்பதால் வீட்டுக்குள்ளும் அவருக்கு ஷிஃப்ட் வேண்டும். மைன்ஸ் டவுன்ஷிப்பில் ஷிஃப்ட் சங்கு ஊதினால்தான் அம்மா உலையை விட்டுச் சாப்பிடப் போகலாம். ஊதுவதற்கு முன்பே எழுந்தால் முறைப்பார்.

உடைந்த சோடா பாட்டில்களைப் பழுப்பு நிலக்கரி உலையில் உருக்கி, சொட்டுச் சொட்டாக வெட்டி, சுழலும் இரும்பு உருளைகள் மேல் விட்டால் உருண்டையாகும். அதைச் சாம்பலில் புதைத்து ஆறவிடுவோம். அதற்கப்புறம் அத்தையின் ராஜ்ஜியம். அத்தை அப்பாவுக்கு அக்கா. மாமா போனபின் எங்களோடு இருந்தாள். ஒவ்வொரு கோலியையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, கோணலையும் கீறலையும் ஒதுக்குவாள். "சும்மா குந்திக்கினு தின்னா சோறு எறங்குமா?" என்று தினமும் கேட்பாள். இறங்காமல் போய் நான் பார்த்ததில்லை.

ஒருநாள் பண்ருட்டிக் கடைக்குப் போன மூட்டை திரும்பி வந்தது. பாதி கோணல், மீதியில் கீறல். அப்பா தாம்தூம் என்று குதித்தார். இனிமேல் கோலி பொறுக்குவதற்குக் கூலி ஆள் வைக்கப்போவதாகச் சொன்னார். அத்தை கையிலிருந்த கோலியை மெதுவாகக் கீழே வைத்தாள். வேலை இல்லாத வீட்டில் ஒருநாள்கூட இருக்கமாட்டேன், மாமாவின் ஊரான மேல்பட்டாம்பாக்கத்துக்கே போய்விடுவேன் என்று முன்பே சொல்லியிருந்தாள். சொன்னால் செய்கிறவள்.

அந்த மூட்டை அவள் பொறுக்கியதுதான் என்று எனக்குத் தெரியும். அதற்கு முந்தின வாரம்தான், வாசலில் நின்ற ஆட்டுக்குட்டியை நான் என்று நினைத்து, தலை வாரினியா என்று கேட்டிருந்தாள்.

"அந்த மூட்ட நான் பாத்ததுங்க. அவசரத்துல வுட்டுட்டேன்" என்றாள் அம்மா.

அவ்வளவு திட்டும் அம்மா தலையில் விழுந்தது. பொறுக்கமுடியாமல் நான் வாயைத் திறந்தேன். அம்மா என் காலை நன்றாக மிதித்தாள்.

மறுவாரம் அம்மா ஆசாரியிடம் சொல்லி ஒரு பலகையை வழவழப்பாக இழைத்து வாங்கி, சரிவாக நிறுத்தினாள். மேலேயிருந்து உருட்டிவிட்டால் நல்ல உருண்டை நேராக ஓடிக் கீழே விரித்த சாக்கில் விழும். கோணல் வழியிலேயே ஒதுங்கிவிடும். சீக்கிரம் வேலை முடியும் என்பதற்காகத்தான் என்று அத்தையிடம் சொன்னாள். கீறலை என்ன செய்வது என்று அத்தை கேட்டதும் அம்மா உலைப் பக்கம் போய்விட்டாள். அத்தை குளிக்கப் போகும் நேரமாகப் பார்த்து, சாக்கில் விழுந்ததையெல்லாம் அம்மாவே திரும்பப் பொறுக்கினாள். எனக்கும் அம்மாவுக்கும் மட்டும் தெரிந்த ரகசியம் என்று நான் பெருமையாக நடமாடினேன்.

இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் சாக்கைக் காணவில்லை. அந்த இடத்தில் ஒரு பிஸ்கட் டின் இருந்தது. கோலி விழ விழ ணங் ணங்கென்று காது கிழிந்தது. யார் இதைக் கொண்டுவந்து வைத்தது என்று அம்மா கேட்டாள்.

உலைக்குக் கரி அள்ளிப் போட்டுக்கொண்டிருந்த அப்பா திரும்பாமலே சொன்னார். "சாக்குல வுழுந்தா அக்காவுக்கு எப்டி தெரியும்? தகரத்துல வுழுந்தா கீறல காதே சொல்லிடும்."

அத்தை ஒரு கோலியை உருட்டினாள். டொக் என்று விழுந்தது. டின்னுக்குள் கையைவிட்டு அதை எடுத்துத் தூரப் போட்டாள்.

"அப்ப அந்த மூட்டைக்கு இவள ஏண்டா அந்தத் திட்டு திட்டுன?"

அப்பா கரி அள்ளும் மண்வெட்டியைச் சுவரில் சாய்த்துவிட்டு அம்மாவைப் பார்த்தார். சங்கு ஊத இன்னும் நேரம் இருந்தது.

"நீ போய் சாப்புடு" என்றார்.