குளிருக்கு அடைத்த ஓட்டை

சனவரி மாதத்தில் காலை எழுந்ததும் நான் செய்யும் முதல் வேலை சன்னலை அகலத் திறந்துவைப்பது. வெளியே பூச்சியத்துக்குக் கீழே மூன்று, நான்கு பாகை இருக்கும். ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு, என் வீட்டுக்குள்ளேயே பஸ்ஸுக்கு நிற்பவனைப் போல நின்று தேநீர் குடிக்கிறேன். பத்து நிமிடம் கழித்துத்தான் மூடுவேன். சார்செல் என்ற பிரெஞ்சுப் புறநகரில் உள்ள இந்த ஒற்றை அறையில் என்னோடு தங்க வந்த இரண்டு பேர் இதைத் தாங்காமல் போய்விட்டார்கள். ஒருவன் போகும்போது, "உங்களுக்கு விசர் அண்ணை" என்று சொல்லிவிட்டுப் போனான். சொல்லட்டும். மூன்றாவது ஆளை நான் தேடவில்லை.

ஊரில் இருந்து வாசிப்பவர்களுக்குக் குளிர் என்றால் பனிக்குள் நின்று சிரிக்கும் படம்தான் தெரியும். அந்தப் படத்தை எடுக்க ஒரு நிமிடம் போதும். மிச்ச நேரமெல்லாம் குளிர் பல்லுவலி மாதிரி. வேறு எதையும் யோசிக்க விடாது. ஊரில் காற்று வர வேண்டும் என்றுதான் வீட்டுக்கு வாசலும் சன்னலும் வைப்போம். இங்கே வந்ததும் காற்றை எதிரி என்று முடிவுகட்டுகிறோம். எந்த இடுக்கால் அது வருகிறது என்று தேடித் தேடி அடைக்கிறோம். நானும் அடைத்தேன். அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

2009 கடைசியில் வந்து சேர்ந்தேன். இதற்குப் பக்கத்து ஊரான வில்லியே லே பெல்லில், பழைய கட்டடம் ஒன்றின் மூன்றாம் மாடியில் இரண்டு அறைகளில் ஐந்து ஆண்கள் இருந்தோம். அதில் மூத்தவர் சிவம் அண்ணை. நாற்பது வயது. மனைவியும் ஆறு வயது மகளும் வன்னியில் முகாமில் இருந்தார்கள். அவருடைய அகதி நேர்காணலுக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது. அது சரியாக நடந்தால்தான் விசா, விசா கிடைத்தால்தான் அவர்களைக் கூப்பிடலாம். எந்த நாள் எந்த ஊரை விட்டு எழும்பினார், எந்த நாள் எந்தப் பங்கருக்குள் கிடந்தார், தம்பி எந்த நாள் செத்தான் என்பதெல்லாம் நாள், தேதியோடு அவருக்கு மனப்பாடம். நான் அதிகாரி மாதிரிக் கேட்பேன். அவர் ஒரு தடவையும் பிசகியதில்லை.

நாங்கள் சமைக்கும் குசினிச் சுவரில், மேலே, கையகல ஓட்டை ஒன்று இருந்தது. அதற்கு மூடி இல்லை, கம்பி வலை மட்டும்தான். குளிர்காற்று அதன் வழியே நேரே வந்து படுத்திருப்பவனின் கழுத்தில் விழும். பழைய பேப்பரை அதற்குள் திணித்து வைத்தோம். ஒரு நாள் கருவாடு பொரித்துக்கொண்டிருக்கும்போது கட்டடத்தைப் பார்த்துக்கொள்ளும் போர்த்துக்கீசப் பெண் கதவைத் தட்டினாள். மேலே ஓட்டையைக் காட்டினாள். தொண்டையைப் பிடித்துக் காட்டினாள். கன்னத்தில் கையை வைத்து, கண்ணை மூடி, தலையைச் சரித்துக் காட்டினாள். பிரெஞ்சில் நிறையப் பேசினாள். எங்களுக்கு ஒரு சொல் விளங்கவில்லை. "வி மதாம்" என்று ஆமாம் போட்டுத் தலையாட்டி அனுப்பினோம்.

கதவைச் சாத்திய பிறகு சிவம் அண்ணைதான் விளக்கம் சொன்னார்: "பாவம் மனிசி. எங்கடை கருவாட்டு மணத்திலை நித்திரை கொள்ளேலாமல் கிடக்காம். இன்னொருத்தன்ரை நாட்டிலை வந்திருந்துகொண்டு கரைச்சல் குடுக்கக் கூடாது தம்பி. வடிவா அடை."

எனக்கும் வெட்கமாகத்தான் இருந்தது. ரயிலில் எங்களுக்குப் பக்கத்தில் இருப்பவர்கள் மூக்கைச் சுளிப்பதைப் பார்த்துப் பார்த்து, எந்த முறைப்பாடு வந்தாலும் அது எங்கள் மணத்தைப் பற்றியதுதான் என்று நினைக்கப் பழகியிருந்தோம். அரிசிப் பை ஒன்றை வெட்டி, நான்காக மடித்து, கதிரையில் ஏறி, பெட்டி ஒட்டும் டேப்பால் மூன்று சுற்று ஒட்டினேன். அறை சூடானது. அன்று எல்லோரும் என்னைப் பாராட்டினார்கள்.

அடுத்த ஞாயிறு நான் மரக்கறி வாங்க, தமிழ்க் கடைகள் இருக்கும் லா சப்பலுக்குப் போயிருந்தேன். மற்ற மூவரும் வேலை. மத்தியானம் திரும்பிவந்து கதவைத் திறந்தால் குளியலறையில் சுடுதண்ணீர் ஓடுகிற சத்தம். சிவம் அண்ணை அதன் வாசலில் விழுந்து கிடந்தார். அந்த வீட்டில் உடம்பு முழுக்கச் சூடு பிடிக்கும் ஒரே இடம் குளியலறைதான் என்று அவர் அரைமணி நேரம் அங்கே நிற்பார். குளிரில் விறைத்து மயங்கிவிட்டார் என்று நான் நினைத்தேன். போர்வைகளை எடுத்துச் சுற்றினேன். காற்று வரக்கூடாது என்று வீட்டு வாசல் கதவையும் இழுத்துச் சாத்தினேன். எனக்கே தலை சுற்றத் தொடங்கிய பிறகுதான் படிக்கட்டில் போய்க் கத்தினேன்.

அந்தப் போர்த்துக்கீசப் பெண் ஓடி வந்தாள். விழுந்து கிடந்தவரை அவள் பார்க்கவே இல்லை. குசினிச் சுவரில் தொங்கிய, தண்ணீர் சூடாக்கும் காஸ் பெட்டியை நிறுத்தினாள். சன்னல்களை ஒவ்வொன்றாகத் திறந்தாள். இவள் குளிரில் ஆளைக் கொல்லப்போகிறாள் என்று எனக்குக் கோபம் வந்தது. ஒரு சன்னலை மூடப் போனேன். கையில் பளாரென்று அடித்தாள். பிறகு இருவருமாக அவரை வெளியே இழுத்துப் போட்டோம்.

ஆசுபத்திரியில் வேலை செய்த பாண்டிச்சேரிக்காரர் ஒருவர்தான் எனக்குத் தமிழில் சொன்னார். தண்ணீர் சூடாக்கும் அந்தப் பெட்டியில் இருந்து வரும் நச்சுக் காற்று வெளியே போகத்தான் அந்த ஓட்டையாம். "தூங்கிக்கிட்டே செத்துடுவீங்கன்னுதான் அந்தம்மா சொல்லியிருப்பாங்க. நீங்க என்னடான்னா டேப் போட்டு ஒட்டியிருக்கீங்க." அவருடைய முகத்தை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. சிவம் அண்ணை பிழைத்தார், ஞாபகம்தான் பிசகிப்போனது. நேர்காணலில் தம்பி செத்த நாளை இரண்டு விதமாகச் சொன்னார். இரண்டு ஊர்களை மாற்றிச் சொன்னார். சொல்வது முரணாக இருக்கிறது என்று நிராகரித்தார்கள். மேன்முறையீட்டிலும் அதே பதில். அடுத்த குளிர் தொடங்குவதற்கு முன், திரும்பிப் போகச் சம்மதம் என்று தானே கையெழுத்து வைத்துவிட்டு ஊருக்குப் போய்விட்டார்.

எனக்கு விசா கிடைத்தது. அகதிக்குக் கொடுக்கும் பயணப் புத்தகத்தில் இலங்கை தவிர்ந்த எல்லா நாடுகளுக்கும் என்று போட்டிருக்கிறார்கள். மன்னிப்புக் கேட்க நான் போக வேண்டிய ஒரே வீடு அந்த நாட்டில் இருக்கிறது. நேரில்தான் சொல்ல வேண்டும் என்று வருடக்கணக்காகச் சாக்குச் சொன்னேன். உண்மையில் எனக்குப் பயம். புதிதாக வந்தவர்களைக் கண்டால் ஓட்டையை அடைக்காதே என்று சத்தம் போடுவேன். சிரித்துவிட்டுப் போய் அடைப்பார்கள்.

போன மார்ச்சில், குளிர் போய்விட்டது என்று நினைத்திருக்கத் திரும்பி வந்த ஒரு ஞாயிறு காலை, லா சப்பலில் ரூ பெர்தொனே தெருவில் ஒரு நகைக்கடை வாசலில் நின்று அவருக்குப் போன் எடுத்தேன். மகளுக்குக் கல்யாணம் பேசுகிறார்களாம். அதைச் சொல்லி முடித்ததும் நான் சொன்னேன்: "அண்ணை, அந்த ஓட்டையை அடைச்சது நான்."

அந்தப் பக்கத்தில் அவர் மின்விசிறியைக் கூட்டி வைக்கும் சத்தம் கேட்டது.

"ஓம். கதிரையைப் பிடிச்சது நான்" என்றார். "உது மட்டும் மறக்கேல்லை." பிறகு, "அங்கை இப்பவும் குளிரே? இஞ்சை வெக்கையிலை படுக்கேலாமல் கிடக்கு" என்றார்.

குளிர்தான் என்றேன். அவர் வைத்த பிறகும் போனைக் காதிலிருந்து எடுக்காமல் நின்றேன். அந்தக் காது வேர்த்திருந்தது. குளிரில் மற்றக் காது இருக்கிறதா என்றே தெரியவில்லை.