சாமி வந்த வூடு

ஆராய்ச்சின்னா கண்ணாடிக் குடுவை, வெள்ளை எலின்னு நெனச்சிட்டிருந்தவ நான். நல்லம்பள்ளிப் பக்கம் கிராம நர்ஸு. தடுப்பூசி போடவும், மாசமா இருக்கறவங்களப் பாக்கவுமே எனக்கு நேரம் பத்தாது. ஒரு நாள் எங்க ஆரம்ப சுகாதார நிலைய டாக்டரம்மா கூப்புட்டாங்க. "வூட்டுலயே செத்தவங்க எதனால செத்தாங்கன்னு ஒரு ஆராய்ச்சி நடக்குது. வூடு வூடாப் போய் விசாரிக்கணும். உங்களுக்குத்தான் எல்லா வூடும் தெரியும், சேந்துக்கங்க"ன்னாங்க. எனக்கு வந்துச்சு பாருங்க கோவம்! உசுரோட இருக்கறவங்களப் பாக்கவே நாக்கு தள்ளுது, இதுல செத்தவங்களையும் நானே பாக்கணுமான்னு கேட்டுட்டேன். அவங்க சிரிச்சாங்க. மறுவாரம் பயிற்சிக்குப் போய் உக்காந்திருந்தேன்.

அங்க ஒன்னத்தான் திரும்பத் திரும்பச் சொன்னாங்க. கேக்கறது மட்டும்தான் நம்ம வேல, பதிலக் கேட்டு அபிப்பிராயம் சொல்லக் கூடாது. என்ன வியாதின்னு பின்னாடி வேற டாக்டருங்க முடிவு பண்ணுவாங்களாம். என் வாய் சும்மா இருக்காதுன்னு தெரிஞ்ச டாக்டரம்மா என்னையே பாத்துட்டிருந்தாங்க.

அப்படி விசாரிக்க ஒரு மத்தியானம் ஒரு அம்மா வூட்டுக்குப் போனேன். அவங்க பெரிய மகன் செத்துச் சில மாசம் ஆயிருந்துச்சு. கல்லு மாதிரி பையன். குச்சிக்கிழங்கு மூட்டைய லாரியில ஏத்திட்டிருந்தவன் அப்படியே சாஞ்சான், தண்ணி தெளிக்கறதுக்குள்ள முடிஞ்சு போச்சு. காத்து கருப்பு அடிச்சிருச்சுன்னு ஊருல பேச்சு. அந்தம்மா மாட்டுக்குச் சோளத்தட்டு போட்டுட்டு வந்து எதுத்தாப்புல உக்காந்தாங்க. ஜுரம் இருந்துச்சா? இல்லைங்க. நெஞ்சு வலி? இல்லைங்க. இதுக்கு முன்னாடி நெனவு தப்பி வுழுந்திருக்கானா? இல்லைங்க. எல்லாத்துக்கும் ஒரே குரல். அந்தக் குரலக் கேக்கக் கேக்க எனக்கு எந்திரிச்சு ஓடிடலாம்னு இருந்துச்சு.

"பாரம் தூக்குனப்போ, ஓடுனப்போ, பெரிய சத்தம் கேட்டப்போ ஏதாச்சும் ஆகியிருக்கா?"

"சத்தம்னா... பம்பை அடிச்சா அவனுக்குச் சாமி வரும் நர்சம்மா. மாரியம்மன் பண்டிகையில பம்பைச் சத்தம் எழுந்தாப் போதும், எம்புள்ள வெட்டுன மரமா வுழுவான். துன்னூறு போட்டா எந்திரிப்பான். ஊரே அவன் கால்ல வுழும்."

சொல்றப்போ அவங்க மொகத்துல ஒரு பெருமை. அப்புறம் வாசலப் பாத்தாங்க. மறுபடி பேசுனப்போ குரல் கீழ போயிருந்துச்சு.

"இந்தப் பண்டிகையில சின்னவனுக்கும் வந்துச்சுங்க. அண்ணன்கிட்ட இருந்த சாமி தம்பிகிட்ட எறங்கிருச்சுன்னு சொன்னாங்க."

கேள்வித்தாள மூடி வெச்சுட்டேன். சின்னவனக் கூப்புடச் சொன்னேன். காட்டுல கெழங்கு மூட்டை தூக்கிட்டிருந்தவன் வேர்த்து வழிய வந்தான். அண்ணனோட சட்டை, அண்ணனோட தோளு. செத்தவனே எந்திரிச்சு வந்த மாதிரி இருந்துச்சு. உடனே பெரியாஸ்பத்திரிக்கு வான்னேன். "எனக்கென்ன கேடு? சாமி விசயத்துல நர்சுக்கு என்ன வேல?"ன்னான். சின்ன வயசுல நான் ஊசி போட்ட புள்ள, என்கிட்டயே!

"சாமின்னா உன்ன ஆட வெக்கணும்டா, சாய்க்கக் கூடாது!"ன்னு கத்திட்டேன். அபிப்பிராயம் சொல்லக் கூடாதுங்கற பயிற்சியெல்லாம் காத்துல போச்சு. கெளம்பறப்போ, சாவு வூட்டுல யாரும் சொல்லாதத வேணும்னே சொன்னேன். "போய்ட்டு வரேங்க. காலைல வந்து இவனக் கூட்டிட்டுப் போவேன். அதுவரைக்கும் ஒரு மூட்டை தூக்கக் கூடாது." அந்தம்மா தலையாட்டுனாங்க.

தர்மபுரியில இசிஜி எடுத்தாங்க. பாத்த டாக்டர் அவன நடக்கக்கூட வுடல, தள்ளுவண்டி கொண்டாரச் சொன்னார். பொறப்புலயே நெஞ்சுத் துடிப்புல கோளாறாம், குடும்பத்துல வர்றதாம். பாரமும் திடீர்ச் சத்தமும் ஆகாதாம். நல்லவேளை, அதுக்கு மாத்திரை இருந்துச்சு. அந்தம்மா அங்க அழல. "பெரியவனுக்கும் இதானுங்களா?"ன்னு மட்டும் கேட்டாங்க. அப்படித்தான் இருக்கணும்னு டாக்டர் தலைய ஆட்டுனார்.

அடுத்த பண்டிகைக்கு ஊருல எல்லாருக்கும் எம்மேல கோவம், சாமிய மாத்திரை குடுத்து அடக்கிட்டாளாம். அடக்குனா அடக்குனதாவே இருக்கட்டும்! கதவு ஜன்னலெல்லாம் சாத்திட்டு நானும் அந்தம்மாவும் சின்னவன நடுவுல உக்கார வெச்சிருந்தோம். தூரத்துல பம்பை எழுந்துச்சு. இன்னைக்கும் எந்த ஊருல அந்தச் சத்தம் கேட்டாலும் யாரோ வுழப்போறாங்கன்னு நான் சுத்தியும் பாக்கறேன்.

சின்னவன் சாயல. அண்ணன் படத்தையே பாத்துட்டு அசையாம இருந்தான். சத்தம் ஓயற வரைக்கும் அந்தம்மா அவன் கையப் புடிச்ச புடி வுடல. அப்புறம் என் பக்கம் திரும்பி, மொத தடவையா அழுதாங்க.

"பெரியவன் ஒவ்வொரு தடவ வுழுந்தப்பவும் நான்தானுங்க நர்சம்மா அவனுக்கு மால போட்டேன்."