ஆளுக்கொரு மெட்டு

இந்த ஊரில் செவ்வாய்க்கிழமை சாயங்காலமானால் முப்பது நாற்பது பேர் ஒரு கூடத்தில் தோளோடு தோள் நின்று, ஒரே பாட்டை ஆளுக்கொரு மெட்டில் பாடுகிறார்கள். தெரியாமல் அல்ல, வேண்டுமென்றே. வேல்ஸ் நாட்டில் மழைக்கு அடுத்தபடியாகத் தாராளமாகக் கிடைப்பது கொயர் என்கிற இந்தச் சேர்ந்திசைக் குழுதான். என்னோடு மருத்துவமனை வார்டில் நர்ஸாக வேலை பார்க்கும் மார்கரெட், நான் வீட்டுக்கும் வார்டுக்குமாக அலைவதைப் பார்க்கச் சகிக்காமல் ஒருநாள் கையோடு அழைத்துப் போனாள். பக்கத்துப் பக்கத்துக் கடைகளில் இரண்டு ரேடியோ அலறுவது போலிருந்தது எனக்கு. பாட்டு முடிந்ததும், அதை நடத்தும் கேரிஸ் அம்மாள் கண்ணை மூடிக்கொண்டு "ஹார்மோனியஸ்" என்றார். சுற்றுமுற்றும் பார்த்தேன். எல்லோர் முகத்திலும் கல்யாணப் பந்தியிலிருந்து எழுந்த திருப்தி.

அந்தச் சொல்லுக்கு என் ஊரான செய்யூரில் எங்கள் ஆங்கில டீச்சர் கரும்பலகையில் எழுதிப்போட்ட பொருள், 'ஒற்றுமையான' என்பது. இந்த வேலைக்கான நேர்காணலில் வீட்டைப் பற்றிக் கேட்டபோது "எங்களுடையது ஹார்மோனியஸ் குடும்பம்" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னவள் நான். அதில் பொய்யும் இல்லை. அப்பா போனபிறகு எங்கள் வீட்டில் அண்ணன் ஒன்று சொன்னால், அம்மா அதையே சொல்வாள், கூடவே இருக்கும் சித்தி அதையே சொல்வாள், நானும் அதையே சொல்வேன். மார்கழி விடியலில் பஜனை போன பழக்கம். முன்னால் போகிறவர் ஒரு வரி பாடுவார். பின்னால் போகும் நாங்கள் அதே வரியை அதே மெட்டில் திருப்பிச் சொல்வோம். குளிரில் பல் தந்தியடித்தாலும் மெட்டு மாறாது. மாறினால் பக்கத்தில் வருபவர் முழங்கையால் ஓர் இடி இடிப்பார். பொங்கல் கிடைக்கும்வரை ஊரே ஒரே குரல்தான்.

நான் கொயரில் சேர்ந்து தத்தளித்துக்கொண்டிருந்த நாட்களில்தான் ஊரில் என் தங்கை செல்வி குண்டைத் தூக்கிப் போட்டாள். மறைமலைநகரில் கார் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் அவளுக்கு வேலை. பெல்ட்டில் வரும் இரும்பு வளையங்களில் கீறல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதை விட்டுவிட்டு, மாமல்லபுரத்துக்கு வருகிற சுற்றுலாக்காரர்களுக்குக் கார் ஓட்டப்போகிறாளாம். யாருக்கும் சொல்லாமல் லைசென்ஸ் வாங்கிவிட்டாள், டிராவல்ஸ்காரர் ஒருவர் வண்டி தருகிறேன் என்றும் சொல்லிவிட்டார். "கண்ணு ரெண்டும் அவிஞ்சி போச்சிக்கா. ஸ்டீரிங்க புட்சாதான் நான் மன்சியா கீறேன்" என்றாள் என்னிடம். அன்றைக்கே அண்ணனும் கூப்பிட்டார். "இன்னா கலா, கேட்டியா கத? நாங்க எல்லாரும் ஒண்ணா கீறோம். நீயும் வேணாம்னு ஒரு வார்த்த சொல்லிட்டின்னா அடங்கிடுவா. ஞாயித்துக்கெழம வீடியோல வா." நான் "சரிண்ணா" என்றேன். சரி என்பதைத் தவிர அண்ணனிடம் நான் வேறு என்ன சொல்லியிருக்கிறேன்?

கொயரிலும் என் வியாதி அதேதான். என்னைக் கீழ்க்குரல்காரர்கள் வரிசையின் ஓரத்தில் நிறுத்தியிருந்தார்கள். எனக்கு அடுத்து மேல்குரல்காரி மார்கரெட். இரண்டு வரி என் மெட்டில் போவேன். மூன்றாவது வரியில் என்னை அறியாமல் அவள் மெட்டுக்குத் தாவிவிடுவேன். பக்கத்தில் ஒருத்தி பாடிக்கொண்டிருக்கும்போது நாம் வேறு மாதிரி இழுப்பது மரியாதையா? "கவலைப்படாதே, உன் பின்னாலேயே வந்துவிடுகிறேன்" என்று அவளுக்குத் தைரியம் வேறு சொன்னேன். "ப்ளீஸ் டோண்ட், லவ்" என்றாள். இங்கே யாரைக் கூப்பிட்டாலும் 'லவ்'தான். கேரிஸ் அம்மாள் கையை உயர்த்திப் பாட்டை நிறுத்தி, எல்லோரும் மார்கரெட்டைப் பாடினால் அது வெறும் சத்தமான மார்கரெட் என்றார். ஆளாளுக்குத் தன் மெட்டை விடாமல், அடுத்தவர் மெட்டையும் காதில் வாங்கிக்கொண்டு பாடுவதுதான் ஹார்மோனியஸாம். சொல்லிவிடுவது சுலபம்.

இவர்களுமே அந்தச் சொல்லை இஷ்டத்துக்குத்தான் செலவழிக்கிறார்கள். சுவர் வண்ணமும் திரைச்சீலையும் பொருந்தினால் ஹார்மோனியஸ். எங்கள் வார்டில் இரண்டு நர்ஸுகள் ஒரு டீ கோப்பைத் தகராறில் முகம் கொடுத்துப் பேசாமலே மாதத்தை ஓட்டினார்கள். கூட்டத்தில் மேலாளர் இந்த மாதம் மிக ஹார்மோனியஸாகக் கழிந்தது என்று அறிவித்தார். "எங்கள் ஊரில் பேசாமல் இருப்பதற்குப் பெயர் சண்டை" என்றேன். "ஓ, ஹவ் லவ்லி" என்றார் மேலாளர்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. கைப்பேசியில் அண்ணன், அம்மா, சித்தி. ஓரத்தில் தலையைக் குனிந்தபடி செல்வி. அண்ணன்தான் எடுத்துக்கொடுத்தார்: "கம்பெனி பஸ்ஸு வூட்டாண்ட வந்து ஏத்திகினு போவுது. அத்த வுட்டுட்டு, எவன் எவனோ ஏர்ற வண்டிய ஓட்டணும்னு இன்னா கேடு?"

"வூட்டாண்ட பஸ்ஸு வருது, இன்னா கேடு?" இது அம்மா.

"அதான, இன்னா கேடு?" இது சித்தி.

அடுத்து என் முறை. 'இன்னா கேடு' என் நாக்கு நுனிக்கே வந்துவிட்டது. செல்வியைப் பார்த்தேன். அவள் என் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கும் பயமாத்தான் கீதுண்ணா," என்றேன். "ஆனா அவ ஓட்டட்டும்."

"அதான, ஓட்டட்டும்" என்று சித்தி பழக்கதோஷத்தில் சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். வேறொரு நாளாக இருந்தால் வீடே சிரித்திருக்கும். அண்ணன் சிரிக்கவில்லை. "அங்க போயி நல்லா கத்துகினு வந்த கலா. குடும்பத்த ரெண்டாக்கிட்ட" என்று இணைப்பைத் துண்டித்துவிட்டார்.

அடுத்த ஞாயிறு அழைப்பு வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் இல்லை. நான் கூப்பிட்டாலும் அண்ணன் எடுக்கவில்லை. எனக்கு வலித்தது. கேரிஸ் அம்மாளுக்கு என்ன, பாட்டு முடிந்ததும் எல்லோருமாகச் சேர்ந்து டீயும் பிஸ்கட்டும் சாப்பிடுவார்கள். எங்கள் வீட்டில் ஆளுக்கொரு மெட்டு பாடி யாருக்குப் பழக்கம்? பாடியபிறகு டீ உண்டா இல்லையா என்று யாருக்குத் தெரியும்? அந்தச் செவ்வாய்க்கிழமை முதல் தடவையாக நான் கடைசி வரை மார்கரெட் பக்கம் தாவாமல் பாடி முடித்தேன். என் கண்ணில் நீர் வழிவதைப் பார்த்த அவள், பாட்டில் உருகிவிட்டேன் என்று நினைத்து, "பியூட்டிஃபுல், இல்லையா?" என்று என் தோளைத் தட்டினாள். ஆமாம் என்றேன்.

போன சனிக்கிழமை காலை, இரவுப்பணி முடிந்து மருத்துவமனையின் கார் நிறுத்துமிடத்துக்கு வந்தபோது செல்வியின் வீடியோ அழைப்பு. கைப்பேசியைக் காரின் முன்கண்ணாடியருகே உட்புறம் பார்க்க மாட்டியிருந்தாள். டிராவல்ஸ்காரர் வண்டியின் ஸ்டீரிங்கில் அவள், பக்கத்தில் அம்மா. பின்சீட்டில் ஜன்னலைப் பார்த்தபடி அண்ணன்.

"நான் ஒண்ணும் ஒத்துக்கல," என்றார் எடுத்த எடுப்பில். "பஸ்ஸு வரல. அதான் ஏறிகினேன்."

"ஏசிய கம்மி பண்ணுடி, காது அடைக்குது" என்றாள் அம்மா.

"லாரிக்கு வழி வுடு, வழி வுடு." இது அண்ணன்.

"எனுக்குத் தெரியும், நீ கம்முனு வா" என்றாள் செல்வி. அதற்குள் அம்மா நான் சாப்பிட்டேனா என்று கேட்க, அண்ணன் லாரிக்காரனைத் திட்ட, செல்வி அண்ணனைத் திட்டினாள். மூன்று பேரும் ஒரே நேரத்தில் மூன்று விஷயம் பேசினார்கள். ஒருவர்கூட வண்டியை விட்டு இறங்குவதாகச் சொல்லவில்லை. எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

"கலா, எதுர்ல பஸ்ஸு வருது, நீ சொல்லு அவளுக்கு, ஸ்லோ பண்ணச் சொல்லு!" என்று அண்ணன் பின்னாலிருந்து கத்தினார். எனக்கு அவர்கள் மூன்று பேரின் முகம்தான் தெரிந்தது, சாலை தெரியவில்லை. வேல்ஸ் மழையில் நனைந்துகொண்டு, கண்ணுக்குத் தெரியாத அந்த பஸ்ஸுக்காக, என் வலது காலால் தரையைப் பிரேக் போல அழுத்தி மிதித்தேன்.