சந்தனப் பொட்டும் பாதியில் நின்ற அப்டேட்டும்

மூன்று ஆண்டுகளுக்கு முன், ஓர் ஆயுத பூஜை அன்று, பட்டாபிராமில் நாங்கள் இப்போதும் குடியிருக்கும் அடுக்குமாடி வீட்டில் நடந்தது இது. அம்பத்தூர் எஸ்டேட்டில் என் கணவர் வேலை பார்த்த தொழிற்சாலையை மூடி எட்டு மாதம் ஆகியிருந்தது. ஐம்பதை நெருங்கும் டூல் டிசைனரை யாரும் கூப்பிடவில்லை. கடைசியில் ஒரகடத்தில் ஆலை வைத்திருக்கும் ஒரு வெளிநாட்டு நிறுவனம் கூப்பிட்டது. ஆன்லைன் நேர்காணல், ஆயுத பூஜை அன்றே, மதியம் மூன்று மணிக்கு. பேசப் போகிறவர்கள் வெளிநாட்டில் இருந்தார்கள்; அவர்களுக்கு அன்று சாதாரண வேலை நாள்.

மின்னஞ்சலில் தெளிவாகவே எழுதியிருந்தார்கள். திரையில் ஒரு வரைபடத்தைத் திருத்திக் காட்ட வேண்டும், எனவே போன் உதவாது. அதற்கான மென்பொருள் புதிய ஆபரேட்டிங் சிஸ்டத்தில்தான் ஓடும். வெர்ஷனை முன்கூட்டியே பார்த்துக்கொள்ளவும். நான் கேஸ் சிலிண்டர் மாற்றிய தேதியைக்கூட டைரியில் எழுதுகிறவள். அந்த வாரம் முழுக்கக் கேட்டேன், "வெர்ஷன் பாத்தீங்களா?" என்று. "அதெல்லாம் புதுசாத்தான் இருக்கும்" என்பதே பதில். பண்டிகை அன்று காலை பொறுக்க முடியாமல் நானே எங்கள் மடிக்கணினியின் செட்டிங்ஸைத் திறந்து, 'அபவுட்' என்ற இடத்தைப் பார்த்தேன். பழையது.

எரிச்சலை அடக்கிக்கொண்டு அப்டேட்டைத் தட்டிவிட்டேன். இறங்கவே காலைப் பொழுது போயிற்று. பிறகு கணினி தானாக அணைந்து எழுந்து சதவீதம் காட்டத் தொடங்கியது. முடியும் வரை அணைக்க வேண்டாம் என்றும் எழுதியிருந்தது. பேட்டரி செத்துப்போன கணினி அது. சார்ஜர் ஒயர்தான் அதற்கு உயிர்.

அந்த நேரத்தில்தான் திருநின்றவூரிலிருந்து என் நாத்தனார் வந்தார். கணவருக்கு அக்கா. எங்கள் வீட்டு ஆயுத பூஜை எப்போதும் அவர் கையால்தான். அரிவாள்மணை, கத்தரிக்கோல், தம்பியின் டூல் பாக்ஸ் என்று ஒவ்வொன்றாகத் துடைத்து அடுக்கினார். சுண்டலைத் தாளித்துவிட்டு வந்து பார்த்தால், சரஸ்வதி படத்தின் முன்னால் கணினியும் மூடிக்கொண்டு, சந்தனம் குங்குமத்தோடு உட்கார்ந்திருக்கிறது. ஒயரைச் சுருட்டி ஓரமாக வைத்திருந்தார்.

"ஒயர ஏன் அண்ணி புடுங்கினீங்க?"

"வெளக்காண்ட தொங்கிகினு கீது. பத்திக்கினா இன்னா பண்ணுவே? வருசம் பூரா ஒழைக்குது, அதுக்கும் ஒருநாள் லீவு குடேம்மா."

ஒயரை மறுபடி செருகினேன். கணினி எழுந்தது, அணைந்தது, மறுபடி எழுந்தது. கடைசியில் ஒரு வட்டம் மட்டும் சுற்றிக்கொண்டே இருந்தது. யார் மேல் கோபப்படுவது? ஒரு வாரமாகப் பார்க்காதவர் மீதா, ஒரு நிமிடத்தில் பிடுங்கியவர் மீதா?

கணவர் ஸ்டேஷன் பக்கத்து பிரவுசிங் சென்டருக்கு ஓடினார். வாழைக்கன்று கட்டி, வாசலில் பூசணிக்காய் உடைத்து, ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டிருந்தாராம் கடைக்காரர். "பூஜ போட்டாச்சு சார், நாளைக்கித்தான் கைய வெப்பேன்" என்றாராம். அவரைக் குறை சொல்ல முடியாது. பூஜையில் வைத்த கருவியை மறுநாள் காலை மறுபூஜை போடாமல் யாரும் எடுப்பதில்லை. ஊரிலிருந்த அத்தனை கணினிகளும் அன்று பொட்டு வைத்துக்கொண்டு ஓய்வெடுத்தன.

திரும்பி வந்தவர், இஸ்திரி போட்ட சட்டை கசங்க, டூல் பாக்ஸ் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டார். "உடுக்கா, நமக்கு அவ்ளோதான்" என்றார்.

அதுவரை அந்த வட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்த நாத்தனார் எழுந்து எதிர் வீட்டுக்குப் போனார். நானும் பின்னாலேயே போனேன். அங்கே மதுரையிலிருந்து வந்து ஐ.டி. வேலை பார்க்கும் பெண் இருந்தாள். அவளுடைய கணினியும் சரஸ்வதி முன்னால்தான் இருந்தது.

"சாமிகிட்ட வச்சத எடுக்கலாமா பெரியம்மா?" என்று அவள் தயங்கினாள்.

நாத்தனார் சரஸ்வதி பக்கம் திரும்பினார். படத்தைப் பார்த்துக் கும்பிட்டுச் சத்தமாகவே பேசினார். "தாயே, என் தம்பி எட்டு மாசமா லீவுல கீறான். அவன் லீவ நீ முடிச்சி வையி. இதுக்கு நாளைக்கி சேத்து லீவு குடுக்கச் சொல்றேன்."

அந்தப் பெண் சிரித்துவிட்டாள். தானே எடுத்து நீட்டினாள். நான் வாங்கியதும் முதல் வேலையாக 'அபவுட்' பார்த்தேன். புதிய வெர்ஷன். மென்பொருளை இறக்கி முடிக்கவும் மூன்று மணி ஆகவும் சரியாக இருந்தது.

அப்போதுதான் கவனித்தேன், அவள் கேமராவின் மீதே பொட்டு வைத்திருந்தாள். துடைத்தும் சந்தனப் படலம் முழுதாகப் போகவில்லை. படம் ஏன் மங்கலாக இருக்கிறது என்று எதிர்முனையில் கேட்டார்கள். எங்கள் ஊரில் வருடத்துக்கு ஒரு நாள் கருவிகளுக்கு ஓய்வு தருவோம் என்று கணவர் விளக்கினார். சொல்லி முடித்தபோது அவர் குரலில் நடுக்கம் இல்லை. பிறகு வரைபடத்தைத் திறந்தார்.

வேலை கிடைத்தது. இப்போது தினமும் பூந்தமல்லி வழியாகக் கம்பெனி பஸ்ஸில் போய் வருகிறார். ஆயுத பூஜைக்கு முந்தின வாரமே நான் வெர்ஷனைப் பார்த்துவிடுகிறேன். நாத்தனாரும், "அது முடிச்சிடுச்சா?" என்று என்னைக் கேட்காமல் கற்பூரம் ஏற்றுவதில்லை. ஒயரை மட்டும் இன்னமும் என்னைக் கேட்காமல்தான் பிடுங்குகிறார்.

போன வருடம் பூஜை முடிந்ததும் கணவர் அந்த டூல் பாக்ஸ் பக்கத்திலேயே படுத்து, சாயங்காலம் வரை குறட்டை விட்டுத் தூங்கினார். அந்த எட்டு மாதமும் வீட்டில் சும்மா இருந்த மனிதர் ஒரு நாள்கூட ஓய்வெடுத்திருக்கவில்லை என்பது அந்தக் குறட்டையைக் கேட்ட பிறகுதான் எனக்குப் புரிந்தது.